அருகம்புல்லுக்கு எங்கள் வாக்கு

எங்கள் குடியிருப்பின் நடுவே 4,000 சதுர அடிப் பரப்பில் ஒரு புல்தரை உண்டு. ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஆறேழு பேர் அங்கே வட்டமாக அமர்ந்து, அந்த மாதம் படித்த நூல்களைப் பற்றிப் பேசுவது பல ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம். வரவிருக்கும் பொதுக்குழுக் கூட்டத்தில் அந்தப் புல்தரையை அகற்றிவிட்டுச் சிமெண்டுத் தளத்தின்மேல் செயற்கைப் புல் விரிப்பது பற்றித் தீர்மானம் கொண்டுவர இருக்கிறார்கள். நாங்கள் அதை எதிர்த்து வாக்களிக்க இருக்கிறோம். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. நூல்களைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் புல்லைப் பற்றி எழுதுகிறார்களே என்று வாசகர் வியக்கலாம். எங்கள் பேச்சுக்கெல்லாம் இதுவரை பாய் விரித்தது அந்தப் புல்தான் என்பதால், அதற்கு ஆதரவாக ஒருமுறையேனும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தமிழில் புல்லுக்கு இருவேறு மதிப்புகள் உள்ளன. புன்மை, புல்லர், புல்லறிவு என்று இழிவைச் சுட்டும் சொற்களில் எல்லாம் புல்லின் சாயல் இருக்கிறது. அதே ஒலியுடைய 'புல்லுதல்' என்பதற்கோ தழுவுதல் என்று பொருள். தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பகுக்கையில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தது. மழையின் அருமையைச் சொல்ல வந்த வள்ளுவர் வான்சிறப்பில் பசும்புல்லையும் சான்றாக நிறுத்தினார். நாம் உண்ணும் நெல்லும், கடித்துத் தின்னும் கரும்பும், வீடு வேயும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவையே. இத்தனை அறிந்த மொழியில், 'லான்' என்ற சொல்லுக்கு மட்டும் பழைய நிகர்ச்சொல் இல்லை. 'புல்வெளி' என்றால் மாடு மேயும் இடம்தான் நினைவுக்கு வரும். மழிக்கப்பட்டு, வேலியிட்டு, 'புல்லின்மேல் நடக்காதீர்' என்று பலகை வைத்துப் பார்க்க மட்டுமே வளர்க்கப்படும் புல், நம் மரபில் இருந்ததில்லை. நம் வீட்டு வாசல் சாணம் தெளித்துக் கோலமிடும் மண்தரையாகவே இருந்தது.

அப்படியெனில் அந்த லான் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலும் பிரான்சிலும் பெருநிலக்கிழார்களின் மாளிகைகளைச் சுற்றி, அரிவாள் பிடித்த கூலியாட்களாலும் மேயும் ஆடுகளாலும் குட்டையாக வைக்கப்பட்டிருந்த புல்வெளிகளிலிருந்து வந்தது. உழவுக்கு உதவும் நிலத்தை உழாமல் வெறுமே விட்டுவைக்க எனக்கு வசதி இருக்கிறது என்று அயலாருக்கு அறிவிப்பதே அதன் முதல் பயன். 1830இல் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் எந்திரத்தைக் கண்டு, அதே முறையில் புல் வெட்டும் எந்திரத்தை உருவாக்கினார். அதன்பின் நடுத்தர வர்க்கத்தினரும் லான் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் அதைக் கொண்டுசென்றார்கள். கலெக்டர் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் அது விரிந்தது. அவர்கள் போன பின்பு அந்தக் கண்ணோட்டம் நம்மோடு தங்கிவிட்டது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். லண்டனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். சென்னையில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். லண்டனைப் போல் இரு மடங்குக்கு மேல் மழை பெறுகிற ஊரில் புல் வாடுகிறது, அங்கே வாடுவதில்லை. காரணம் எளியது. அங்கே மழை பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டுத் தூறுகிறது, வெயிலும் மென்மையானது. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தை பிறந்தால் ஆனி வரை வானம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஆகவே அங்குள்ள புல்லை இங்கே வளர்க்க முயல்வதும், இங்குள்ள புல்லை அங்குள்ளதைப் போல் ஆண்டு முழுதும் பச்சையாக வைத்திருக்க முயல்வதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

*

எங்கள் புல்தரை இந்த இரண்டு பிழைகளையும் செய்துதான் பாடம் கற்றது. கட்டடம் எழுப்பியவர்கள் முதலில் இட்டது 'கார்பெட் கிராஸ்' என்று நர்சரிகளில் துண்டு துண்டாக விற்கும் அகன்ற இலைப் புல். தென்னமெரிக்காவின் ஈரமான வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது அது. நிழலைத் தாங்கும், வறட்சியைத் தாங்காது. அதை இட்ட இடமோ ஒரு மரமும் இல்லாத திறந்தவெளி. அடியில் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டிகளும் சுண்ணாம்புக் காரையும். அவற்றின் மேல் மூன்று அங்குலத்துக்குச் செம்மண்ணைப் பரப்பி, புல்துண்டுகளை ஒட்டி, உருளை உருட்டி, ஒரு வாரத்தில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் ஆக்கிவிட்டார்கள். வீடு பார்க்க வந்தவர்கள் அதைக் கண்டு மயங்கினார்கள். நாங்களும் அவர்களில் அடக்கம்.

அந்தப் புல்லை நாள்தோறும் மாலையில் குழாய் வைத்து நனைத்தோம். தோட்டவேலைக்கு வரும் பெரியவர் வந்தவாசிப் பக்கத்துக்காரர், விவசாயம் செய்தவர். ஒருநாள் எங்களில் ஒருவரிடம் அவர் சொன்னார்: "சார், தெனம் தெனம் இலையத்தான் நனைக்கிறோம். அடியில ரெண்டு வெரல் தோண்டிப் பாருங்க, புழுதி." தோண்டிப் பார்த்தோம். மெய்தான். மேல்மண் மட்டும் ஈரமாக இருந்தது. வேர்களும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்திருந்தன. கீழே கற்குவியல் இருக்க அவை எங்கே இறங்கும்? ஒருநாள் நீர் விடத் தவறினாலும் மறுநாள் அந்தப் புல் சுருண்டது.

2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் காற்றை உறிஞ்சத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர்தான் என்றானது. அப்போதுதான் புல்லின் குடியை முதன்முதலாகக் கணக்கிட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் செழிப்பான புல்தரை நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் அளவுக்காவது நீரை வெளியேற்றும். 4,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 372 சதுர மீட்டர். ஆக, நாளுக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வகுத்துள்ள அளவு. அதன்படி எங்கள் புல்தரை நாள்தோறும் பதினொரு பேரின் நீரைக் குடித்தது. அதுவும் ஒரு சொட்டும் வீணாகாமல் பாய்ச்சினால்தான் இந்தக் கணக்கு. 12,000 லிட்டர் லாரி ஒன்று எட்டு நாள் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு நான்கு நாள்கூட வரவில்லை.

அந்த லாரிகள் எங்கிருந்து வந்தன? செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள வயல்வெளிக் கிணறுகளிலிருந்து. தம் உறவினர் ஒருவர் அந்த ஆண்டு நெல் நடவில்லை என்றும், கிணற்று நீரை லாரிக்கு விற்றுவிட்டார் என்றும் அதே பெரியவர்தான் எங்களிடம் சொன்னார். குறை கூறும் தொனி அவர் பேச்சில் இல்லை. நட்டிருந்தாலும் நட்டம்தான் என்றார். எங்களுக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நெல் என்ற புல்லுக்கு விட வேண்டிய நீரை வாங்கி, யாரும் உண்ணாத புல்லுக்கு விட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்து நீரை நிறுத்தினோம். பத்தே நாளில் பட்டு விரிப்பு வைக்கோல் ஆனது.

பின்னர் நடந்தது எங்கள் திட்டத்தில் இல்லாதது. அந்த ஆண்டு ஆடியில் மாலை மழைகள் பெய்தன. ஆவணியில் பார்த்தால், செத்துப்போன கார்பெட் புல்லின் நடுவே அங்கங்கே மெல்லிய பச்சைக் கொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணுவுக்குக் கணு வேர்விட்டு, செங்கல் இடுக்கிலும் நுழைந்து, கேட்பார் இல்லாத நிலத்தில் தன்பாட்டுக்குக் குடியேறியிருந்தது அருகு. அதுவரை அதைக் களை என்று சொல்லி ஆள்வைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வெயிலில் குந்தி அமர்ந்து களைக்கொட்டால் அதைக் கொத்தி எடுத்த பெண்களுக்கு நாங்கள் கொடுத்த கூலி, எங்கள் நிலத்துக்கு மிகவும் பொருந்திய புல்லை அழிக்கக் கொடுத்த கூலி.

*

அருகின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நர்சரியில் 'பெர்முடா கிராஸ்' என்று சதுர அடிக்கு விலை சொல்லி விற்கிறார்களே, அந்த இனத்தின் நாட்டு வடிவம்தான் நம் அருகம்புல். பெர்முடாத் தீவில் அது தோன்றவும் இல்லை. பழைய உலகின் வெப்ப நாடுகளிலிருந்து அது அங்கே போய்ச் சேர்ந்தது. விளையாட்டு மைதானங்களுக்கும் கோல்ஃப் திடல்களுக்கும் அதன் கலப்பினங்களை உருவாக்கி, உலகெங்கும் விற்கிறார்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிறோம், ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம். ஆனால் வாசலில் அது தானாக முளைத்தால் ஆள்விட்டுப் பிடுங்குகிறோம்.

வெப்ப நாட்டுப் புற்களின் இலைக்குள்ளே வெயிலைப் பயன்படுத்தும் முறையே வேறு. சோளமும் கரும்பும் போல, அருகும் கடும் வெயிலில் குறைந்த நீர்ச்செலவில் உணவு தயாரிக்க வல்லது. ஐரோப்பிய லான்களின் புற்கள் தளர்ந்துபோகும் வெப்பத்தில் அருகு தழைக்கும். மண் இடம் கொடுத்தால் அதன் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். மண்ணுக்கு அடியில் ஒரு தண்டும் மண்மேல் ஒரு கொடியும் என இரு வழிகளில் பரவும். நீர் இல்லாதபோது மேலே காய்ந்து, கீழே உறங்கும். மழை விழுந்தால் சில நாளில் எழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எங்கள் தெருவை நீரில் ஆழ்த்தியபோது, இரண்டு நாள் முழங்கால் நீரின் அடியில் கிடந்துவிட்டு, நீர் வடிந்ததும் சேற்றுப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தது. கோடையையும் வெள்ளத்தையும் ஒரே ஊரில் தாங்க வேண்டியிருக்கும் எங்களைப் போன்றோருக்கு இதைவிடப் பொருத்தமான துணை எது?

இதற்காக எல்லா இடத்துக்கும் அருகே மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு முழு வெயில் வேண்டும். மரநிழலில் மெலிந்து மறைந்துவிடும். வேப்பமரத்தடியிலும் மாமரத்தடியிலும் எந்தப் புல்லையும் வற்புறுத்தாமல், உதிர்ந்த சருகையே மூடாக்காக விட்டுவிடுவது நல்லது. காய்கறிப் பாத்தி அருகே இருந்தால், அருகு அத்துமீறி நுழையும். உழவர்கள் அதற்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஓரத்தில் செங்கற்களை நெட்டாகப் புதைத்து எல்லை கட்ட வேண்டும், அவ்வப்போது ஓரத்தை வெட்டியும் விட வேண்டும். உதகையில் இருப்பவருக்கு எங்கள் அறிவுரை பொருந்தாது. அங்கே குளிர் வேறு, மண் வேறு. புல் ஒன்றைத் தேர்வதற்கு முன் தன் ஊரின் வெயிலையும் மழையையும் மண்ணையும் கேட்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

*

எங்கள் அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாதத்துக்கு அப்பாலும் யாருக்கேனும் பயன்படலாம்.

முதல் வேலை மண். ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். கட்டட இடிபாடு இருந்தால் ஓர் அடி ஆழத்துக்காவது அதை அகற்றுங்கள். அதன்மேல் நல்ல மண்ணைப் போர்வையாகப் போர்த்தினால் போதாது. இரு அடுக்கும் சேரும் இடத்தில் நீரும் வேரும் தயங்கி நின்றுவிடும். கொத்திக் கலக்க வேண்டும். கடலோர மணலாயின் மக்கிய எருவைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும், மணல் நீரைப் பிடித்துவைக்காது. களிமண்ணாயினும் எருவே துணை. அது மண்ணைப் பொலபொலப்பாக்கி நீருக்கு வழிவிடும். சுண்ணாம்புக் காரை கலந்த மண்ணில் புல் மஞ்சளித்துப் போவது இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததால் இருக்கலாம். நாங்கள் அன்னபேதி உப்பை நீரில் மிகக் குறைவாகக் கரைத்துத் தெளித்தோம், ஓரிரு வாரத்தில் பச்சை திரும்பியது. வேளாண் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை மண்ணைக் கொடுத்துச் சோதித்துக்கொள்வது ஊகிப்பதைவிட நன்று.

அடுத்தது கோரை. அதன் கிழங்கு ஒன்று மண்ணில் இருந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். நடுவதற்கு முன் நிலத்தை நனைத்து, கோரையை முளைக்கவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். இந்தப் பொறுமை இல்லாதவர் பின்னால் ஆண்டுக்கணக்கில் கோரை பிடுங்குவார்.

நடுவதற்கு ஆடிப்பட்டமே சென்னைக்கு ஏற்றது. மாலை மழைகளில் வேர்விட்டு, ஐப்பசியின் பெருமழை வருவதற்குள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் நட்டால் கொடியும் மண்ணும் சேர்ந்து சாக்கடைக்குப் போகும். விரிப்பாக வாங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு கணு உள்ள கொடித்துண்டுகளை ஒரு சாண் இடைவெளிக்குள் நட்டு, மண்ணை அழுத்திவிட்டால் போதும். எங்கள் தரை மூடிக்கொள்ள மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாயிற்று. செலவு பெரும்பாலும் ஆட்கூலியும் எருவும்தான்.

வேர் பிடித்தபின் நாள்தோறும் நீர் விடுவதை நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை, விடியற்காலையில், ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கும்படி விட்டால் வேர் ஈரத்தைத் துரத்திக் கீழே போகும். எப்போது விடுவது என்பதைப் புல்லே சொல்லும். அதன்மேல் நடந்து திரும்பிப் பாருங்கள். மிதிபட்ட இலைகள் நிமிராமல் காலடித் தடம் அப்படியே தெரிந்தால் அன்று நீர் விடலாம். மாலையில் நனைத்து இரவெல்லாம் ஈரமாக வைத்தால் பூஞ்சை நோய்க்கு அழைப்பு விடுக்கிறோம். பங்குனி தொடங்கிவிட்டால் பச்சையை எதிர்பார்க்கக்கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உயிர்நீர் மட்டும். பழுப்பாகக் கிடக்கும், இறந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். ஆடி வரை பொறுத்திருங்கள்.

வெட்டும்போது ஒரே தடவையில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. ஒட்ட மழித்தால் வேரும் அதற்கேற்பக் குறுகிவிடும். கோடையில் இரண்டு அங்குலம் விட்டுவையுங்கள், மண்ணுக்கு நிழல் ஆகும். கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையைப் பிய்க்கும், நுனியெல்லாம் வெளுத்துத் தெரியும். வெட்டிய துணுக்குகளை அள்ளிக் குப்பையில் போடாதீர்கள். அவை அங்கேயே மக்கித் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்துக்கு முன் சலித்த மண்புழு உரமும் சிறிது வேப்பம்புண்ணாக்கும் தூவுவதோடு எங்கள் உரச்செலவு முடிகிறது.

*

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். செயற்கைப் புல் வேண்டும் என்போர் எங்கள் நண்பர்களே. அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீர் வேண்டாம், ஆள் வேண்டாம், ஆண்டு முழுதும் பச்சை என்கிறார்கள். நீரை மிச்சப்படுத்தும் எண்ணம் எங்களிடமிருந்து அவர்களுக்குப் போனதாகக்கூட இருக்கலாம். ஆனால் கணக்கின் மறுபாதியையும் அவர்கள் பார்க்க வேண்டும். அந்த 372 சதுர மீட்டரில் ஓராண்டில் விழும் மழை ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல். இன்று அதில் ஒரு பெரும்பங்கு புல்லின் வேர்த்தடங்கள் வழியே மண்ணில் இறங்குகிறது. சிமெண்டுத் தளம் போட்டால் அவ்வளவும் தெருவுக்கு ஓடும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், 2015இன் பெருவெள்ளத்தை வீட்டுக்குள் கண்ட ஊரில், மிஞ்சியிருக்கும் மண்ணையும் மூடிவிடுவது எந்த வகையில் சிக்கனம்? மேலும், பிளாஸ்டிக் புல் நண்பகல் வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவு சூடேறும். வளரும் புல்லோ நீரை ஆவியாக்கித் தன்னையும் தன்னைச் சூழ்ந்த காற்றையும் குளிர்விக்கும். சில ஆண்டுகளில் அந்தப் பிளாஸ்டிக் நைந்து குப்பைமேட்டுக்குப் போகும்போது, அதன் துகள்களில் ஒரு பகுதி எங்கள் வடிகாலிலேயே தங்கியிருக்கும்.

லாரியானாலும் பழையபடி நீர் விட்டுப் பசுமையாக வைத்திருப்போம் என்று சொல்லும் இன்னொரு தரப்பும் உண்டு. மாதச் சந்தாவில் தாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். பணம் எங்களுடையது, சரி. கிணறு யாருடையது? லானை ஏறக்குறைய வழிபடும் அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. அந்நாட்டின் புல்தரைகள் எல்லாம் சேர்ந்து 1,60,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும், அதாவது தமிழகத்தின் பரப்பைவிட அதிகம் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வறண்ட நெவாடா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி லாஸ் வேகாஸ் பகுதியில் வெறும் அலங்காரத்துக்கான புல்தரைகளுக்கு, தனி வீடுகள் நீங்கலாக, 2027 தொடக்கம் முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக்கூடாது. அந்தச் சட்டம் புல்லை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யவில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் புல்லையும், எவர் காலும் படாத புல்லையும் அது பிரித்துப் பார்த்தது. நமக்கும் அந்த அளவுகோல் போதும். யாரும் அமராத, யாரும் ஓடாத நுழைவாயில் புல்கீற்றுகளை எடுத்துவிட்டு அங்கே ஆவாரையும் நொச்சியும் வைக்கலாம். மக்கள் கூடும் நடுத்தரையில் புல் இருக்கட்டும்.

மூன்றாவது வாதம்தான் எங்களை அதிகம் சங்கடப்படுத்துவது. கோடையில் பழுப்பாகக் கிடக்கும் தரை பார்க்க நன்றாக இல்லை, வீட்டின் மதிப்பு குறைகிறது என்கிறார்கள். அழகு என்பது பழக்கம். எப்போதும் பச்சையாக இருப்பதே அழகு என்று நமக்குக் கற்பித்தது வேறொரு வானத்தின் கீழ் உருவான கண். நம் மண்ணில் காய்வதும் துளிர்ப்பதும் ஒரு பருவத்தின் இரு முகங்கள். முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்து பாலையாகும் என்பது தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்தது. திணை திரிவதைப் பாட்டில் கண்டு வியக்கும் நாங்களே, அது கண்ணெதிரே நிகழ்கையில் ஹோஸ் பைப்பைத் தேடி ஓடியது எங்களுக்கு இன்றும் வெட்கத்தைத் தருகிறது.

இதை எழுதும்போது காங்கேயம் பகுதியின் கொறங்காடுகள் நினைவுக்கு வருகின்றன. மழை குறைந்த மேட்டுநிலத்தில், சரளைக் கலப்புள்ள மண்ணில், முள்கிளுவை வேலி கட்டி, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் பட்டி மாற்றி மேய்க்கிறார்கள். நீர் பாய்ச்சுவதில்லை. ஒரு காட்டை மேய்த்தபின் அதற்கு ஓய்வு கொடுத்து அடுத்ததற்குப் போவார்கள். தலைமுறைகளாக அந்தப் புல் அங்கே நிற்கிறது. அதற்கு லான் என்று பெயரில்லை, அதை யாரும் பார்த்து மெச்சுவதும் இல்லை. ஆனால் ஊரின் வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ற புல்லைத் தேர்ந்து, அளவோடு வெட்டி, ஓய்வு கொடுத்துப் பேணும் கலை நம்மவர்க்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. நகரத்துக்கு வந்தபோது அந்த அறிவை ஊரிலேயே விட்டுவந்தவர்கள் நாம்தான்.

எங்கள் வேண்டுகோள் பெரியதன்று. பொதுக்குழுவில் கை உயர்த்துவதற்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒருநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். அருகின் இலை மென்மையானது, கொடி சற்றுச் சுருக்கென்று குத்தும். இரண்டும் காலுக்குத் தெரியட்டும். அதன்பின் அவர்கள் எந்தப் பக்கம் வாக்களித்தாலும் நாங்கள் ஏற்போம்.

தோட்டத்துப் பெரியவருக்கு எங்கள் சங்கத்தில் வாக்கு இல்லை. தீர்மானத்தைப் பற்றிச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "சிமிட்டியப் போடறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க சார், கொஞ்சம் கொடி எடுத்துட்டுப் போயி எங்க ஊர் ஏரிக்கரையில நட்டுடறேன். கரையாச்சும் நிக்கும்" என்றார். அவர் அதை எடுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிடக்கூடாது என்றே விரும்புகிறோம்.